பன்றியா, கன்றா?

டெக்சஸில் மக்காச்சோளம் விதைத்த அன்றைக்கு இரவு பன்றிகளுக்கு விருந்து. பகலில் விதைப்பு இயந்திரம் நூல் பிடித்தாற்போல் போட்டுப்போன விதைகளை, இரவில் வரும் கூட்டம் அதே நூலைப் பிடித்துக்கொண்டு மூக்கால் கிளறி ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே போகும். விடிந்ததும் வந்து பார்த்தால் வயலில் சால் இருக்கும், விதை இருக்காது. நிலக்கடலைக் காட்டில் பரண் போட்டு இரவெல்லாம் தகரம் தட்டியவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சலை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்கா பன்றிகளுக்குச் சொந்த ஊர் அல்ல. 1539இல் ஹெர்னாண்டோ டி சோட்டோ என்ற ஸ்பானியர் ஃபுளோரிடாவில் கரையிறங்கியபோது, நடமாடும் இறைச்சிக் கிடங்காகப் பன்றிகளையும் ஓட்டிவந்தார். அவரைப் போன்றவர்களும் பின்னால் வந்த குடியேறிகளும் கொண்டுவந்தவற்றில் தப்பியவை காடேறின. 1930களில் வேட்டைப் பிரியர்கள் ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளையும் டெக்சஸில் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டும் கலந்து பெருகி, இன்று அந்த மாநிலத்தில் மட்டும் 26 லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அரசும் விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தது. 2011இல் ஹெலிகாப்டரிலிருந்து சுட அனுமதி. 2017இல் வெப்பக்காற்று பலூனிலிருந்தும் சுடலாம் என்றார்கள். 2019 செப்டம்பர் 1 முதல், நிலத்துக்காரர் சம்மதித்தால் தனியார் நிலத்தில் வேட்டை உரிமம்கூட வேண்டாம். இரவில் சுடுவதற்கும் தடையில்லை. சுடச்சுடப் பன்றிகள் பகல் நடமாட்டத்தை விட்டு இருட்டுக்கு மாறிக்கொண்டதால், இரவை விட்டால் வேறு நேரமும் இல்லை.

ஆக, விவசாயி ஒரு கருவி வாங்க வேண்டும். கடைக்குப் போனால் 500 டாலருக்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள், 5,000 டாலருக்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள். இரண்டுமே இருட்டில் பார்க்கும் என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் இரண்டும் பார்ப்பது ஒரே பொருளை அல்ல.

உச்சிவெயிலில் தரையில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ். முழுநிலவில் அது 0.3 லக்ஸைத் தாண்டாது. நிலவில்லாத தெளிந்த இரவில் நட்சத்திரங்கள் தருவது 0.001 லக்ஸ் அளவுதான். சொற்பம்தான் என்றாலும் சுத்தமாக இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருக்கிற அந்தக் கொஞ்சத்தைப் பெருக்கிக் காட்டுவது முதல் வழி. ஒளிபெருக்கிக் குழாய் என்பது அதுதான். படங்களில் ராணுவ வீரர்கள் தலைக்கவசத்தில் மாட்டிக்கொண்டு உலகத்தைப் பச்சையாகப் பார்ப்பார்களே, அது. உள்ளே வரும் ஒளித்துகள் ஒரு பூச்சில் பட்டு எலெக்ட்ரானை உதிர்க்கும். அந்த எலெக்ட்ரான், நாணயம் அளவே உள்ள ஒரு கண்ணாடித் தகட்டின் லட்சக்கணக்கான நுண்துளைகளில் ஒன்றுக்குள் நுழைந்து, சுவரில் மோதி மோதி ஆயிரக்கணக்கில் பெருகி வெளியே வரும். வந்து ஒளிரும் திரையில் விழும்போது படம் தெரியும். வியட்நாம் போரில் ஓடிய முதல் தலைமுறைக் குழாயில் இந்த நுண்துளைத் தகடு கிடையாது. இரண்டாம் தலைமுறையில் அது வந்தது. மூன்றாம் தலைமுறையில் பூச்சு காலியம் ஆர்செனைடு ஆனது. அருமையான கருவி, விலை 3,000 டாலரில் தொடங்கும், ஏற்றுமதிக் கட்டுப்பாடும் உண்டு. பன்றி விரட்டும் விவசாயிக்கு இது ஆடம்பரம் என்பது என் கருத்து.

இருக்கிற வெளிச்சம் போதாது என்றால், பிறர் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை நாமே அடிப்பது இரண்டாவது வழி. இது பழைய யுக்தி. 1945இல் ஒகினாவாவில் அமெரிக்க வீரர்கள் கார்பைன் துப்பாக்கியில் அகச்சிவப்பு விளக்கையும் அதைப் பார்க்கும் குழாயையும் பொருத்தி, மின்கலத்தை முதுகில் சுமந்துகொண்டு போனார்கள். எட்டியது நூறு மீட்டர்கூட இல்லை. அதே யுக்திதான் இன்று டிஜிட்டல் நைட் விஷன் என்ற பெயரில் 500 டாலருக்குக் கிடைக்கிறது. குழாய்க்குப் பதில் உள்ளே இருப்பது கைப்பேசிக் கேமராவின் உறவினரான சிலிக்கன் உணரி. அதன் திறமையை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். டிவி ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் செல்ஃபி கேமராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாத முனையில், திரையில் மட்டும் ஊதாவாகவோ வெள்ளையாகவோ ஒரு புள்ளி மின்னும். சிவப்பைத் தாண்டி ஏறக்குறைய 1,000 நானோமீட்டர் வரை சிலிக்கன் பார்க்கும். பெரும்பாலான கேமராக்களில் ஒரு வடிகட்டியை வைத்து அந்தப் பார்வையை மறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

துப்பாக்கியில் மாட்டும் இந்த டிஜிட்டல் ஸ்கோப்புடன் வரும் அகச்சிவப்பு (ஐஆர்) டார்ச்சில் 850, 940 என்று இரண்டு எண்கள் அடிபடும். 850 நானோமீட்டர் டார்ச் தூரம் எட்டும். ஆனால் நேரே பார்த்தால் விளக்கின் முகத்தில் மங்கலாகச் சிவப்புத் தெரியும். 940இல் அந்தச் சிவப்பும் இல்லை. ஆனால் அந்த அலைநீளத்தில் சிலிக்கனின் பார்வை மங்கிவிடுவதால் எட்டும் தூரம் குறையும். எந்த டார்ச்சானாலும் தூரம் இரட்டித்தால் இலக்கின்மேல் விழும் வெளிச்சம் கால்வாசிதான். முன்னால் நாலு புல் நின்றாலும் போச்சு. புல் பளீரென்று வெளுத்து, பின்னால் இருப்பதை மறைத்துவிடும். பனிமூட்டத்தில் காரின் ஹெட்லைட்டைப் போட்டால் என்ன ஆகுமோ அதேதான்.

பன்றிக்கென்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மான், மாடு, நரி போன்றவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. டார்ச் பட்டதும் இரண்டு கண்களும் தீப்பொறியாக மின்னுவது அதனால்தான். நம்மைப் போலவே பன்றிக்கும் அந்தப் படலம் கிடையாது. எனவே கண் மின்னுவதை வைத்துத் தேடினால், தேடிவந்த விலங்கைத் தவிர மற்ற எல்லாம் கண்ணில் படும்.

மூன்றாவது வழி தெர்மல். இதற்கு வெளிச்சமே வேண்டாம். சூடுள்ள எதுவும் தன்பாட்டில் கதிர் வீசிக்கொண்டிருக்கும். சுமார் 5,800 கெல்வினில் கொதிக்கும் சூரியனின் கதிர்வீச்சு அரை மைக்ரான் அலைநீளத்தில் உச்சம் காண்கிறது. உடம்புச் சூட்டில் இருக்கும் ஒரு விலங்குக்கு அந்த உச்சம் 9, 10 மைக்ரான் பக்கம் நகர்ந்துவிடுகிறது. நம் அதிர்ஷ்டம், 8 முதல் 14 மைக்ரான் வரை காற்று பெரிதாகக் குறுக்கே நிற்பதில்லை. நிற்பது சாதாரணக் கண்ணாடிதான். ஜன்னலுக்குள் நின்றுகொண்டு தெர்மல் கேமராவால் வெளியே பார்த்தால், தோட்டத்துக்குப் பதில் நம் முகத்தின் வெப்பமே கண்ணாடியில் பிரதிபலித்துத் தெரியும். அதனால்தான் இந்த லென்ஸை ஜெர்மானியத்தில் செய்கிறார்கள். கண்ணுக்குக் கன்னங்கரேலென்று உலோகம்போல் இருக்கும். பத்து மைக்ரான் கதிருக்கோ அது தெளிந்த கண்ணாடி.

சூட்டைக் கதிராகப் பிடிக்கும் ஆசை பழையது. சாமுவேல் லாங்லி 1880 வாக்கில் செய்த போலோமீட்டர் கால் மைல் தள்ளி நிற்கும் ஒரு பசுவின் சூட்டை உணர்ந்தது என்பார்கள். சூடேறினால் உலோகக் கீற்றின் மின்தடை மாறும் என்ற ஒரே உண்மையை வைத்துச் செய்தது அது. இன்றைய தெர்மல் ஸ்கோப்புக்குள் இருப்பதும் அதே போலோமீட்டர்தான். ஒன்றுக்குப் பதில் ஒரு லட்சம், மூன்று லட்சம் என்று அடுக்கியிருக்கிறார்கள். 1980களில் ஹனிவெல் ஆய்வகத்தில் அமெரிக்க ராணுவப் பணத்தில் உருவாகி, 1992 வரை ரகசியமாக வைக்கப்பட்டிருந்த நுட்பம் இது. ஒவ்வொரு பிக்சலும் வனேடியம் ஆக்சைடு பூசிய ஒரு குட்டித் தகடு. இரண்டு மெல்லிய கால்களில், சில்லுக்கு இரண்டரை மைக்ரான் உயரத்தில், வெற்றிடத்தில் அந்தரமாக நிற்கிறது. எதிரில் உள்ள காட்சியில் ஒரு டிகிரி மாறினால் இந்தத் தகட்டில் மாறுவது அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதை அளந்து படமாக்குகிறார்கள் என்பதை யோசித்தால் விலையைப் பற்றிப் புலம்பத் தோன்றாது. இடையிடையே ஸ்கோப் 'டிக்' என்று சத்தம் போட்டு ஒரு கணம் உறைந்து நிற்கும். பழுது என்று நினைத்துக் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. எங்கும் ஒரே சூட்டில் இருக்கும் ஒரு மூடியை எல்லா பிக்சல்களுக்கும் முன்னால் நிறுத்தி, அவற்றைச் சமன்படுத்திக்கொள்ளும் ஓசை அது.

விலை இறங்கிய கதையை ஒரு வகுத்தல் கணக்கிலேயே சொல்லிவிடலாம். பிக்சலின் அகலத்தை மைக்ரானில் எடுத்து, லென்ஸின் குவிய நீளத்தை மில்லிமீட்டரில் எடுத்து, முதலதை இரண்டாவதால் வகுத்துப் பத்தால் பெருக்குங்கள். 100 மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சல் எத்தனை சென்டிமீட்டரை மூடுகிறது என்று வந்துவிடும். 17 மைக்ரான் பிக்சலும் 50 மி.மீ. லென்ஸும் என்றால் 3.4 செ.மீ. பிக்சல் 12 மைக்ரானாகச் சுருங்கியதும் அதே 3.4 செ.மீ.க்கு 35 மி.மீ. லென்ஸ் போதும். லென்ஸின் பரப்பு பாதியாகிறது. ஜெர்மானியச் செலவு அதைவிடக் கூடுதலாக இறங்குகிறது. ஒரு காலத்தில் 10,000 டாலரைத் தாண்டிய பொருள் இன்று 1,000, 1,500 டாலருக்குத் தொடங்குவதில் இந்தச் சுருக்கத்துக்குப் பெரிய பங்குண்டு. 2023 ஆகஸ்ட் 1 முதல் சீனா ஜெர்மானிய ஏற்றுமதிக்கு உரிமம் கேட்கத் தொடங்கியது. இந்த விலை இப்படியே நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

விளம்பரங்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. அவை 256, 384, 640 என்று ஒரு வரிசையின் பிக்சல் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போடும். பக்கத்தில் 'கண்டறியும் தூரம் 1,800 மீட்டர்' என்று இன்னொரு வரி. இரண்டையும் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுவோம்.

12 மைக்ரான் பிக்சல், 35 மி.மீ. லென்ஸ். முதுகு உயரம் 70 செ.மீ. உள்ள ஒரு பன்றி 100 மீட்டரில் நிற்கிறது. 70ஐ 3.4ஆல் வகுத்தால் சுமார் 20 பிக்சல். உணரி 256 ஆனாலும் 640 ஆனாலும் பன்றிக்குக் கிடைப்பது அதே 20தான்! கூடுதல் பிக்சல்கள் பன்றியின்மேல் உட்காருவதில்லை, பன்றியின் இரு பக்கமும் பரவுகின்றன. 256 உணரியில் அந்தத் தூரத்தில் தெரியும் காட்சியின் அகலம் சுமார் 9 மீட்டர். 640இல் 22 மீட்டர். கூட்டமாக ஓடும் பன்றிகளைத் தொடர அகலம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் தீவனத் தொட்டிக்கு எதிரே ஒரே இடத்தைப் பார்த்து உட்காரும் ஆளுக்கு அந்த அகலத்துக்காக இரண்டு மடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை. மலிவு ஸ்கோப்பில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் லென்ஸில்தான். அதே உணரியில் 19 மி.மீ. லென்ஸ் வைத்தால் 100 மீட்டரிலேயே பிக்சலுக்கு 6.3 செ.மீ. ஆகி, பன்றி 11 பிக்சலுக்குச் சுருங்கிவிடுகிறது. ஜூம் பொத்தானை அழுத்தினால் பன்றி பெரிதாகும், அந்த 11 மட்டும் 11ஆகவே இருக்கும்.

சரி, எத்தனை பிக்சல் போதும்? இதற்கு 1958இல் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் என்பவர் பார்வையாளர்களை உட்காரவைத்துச் சோதித்து ஓர் அளவுகோல் கொடுத்தார். இன்றைய பிக்சல் கணக்கில் சொன்னால், ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிய 2 பிக்சல். அது என்ன வகை என்று பிரித்தறிய 8. இன்னதுதான் என்று அடையாளம் சொல்ல ஏறக்குறைய 13. அதுவும் பாதித் தடவைதான் சரியாக வரும் என்ற நிபந்தனையோடு. நம் பன்றிக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 35 மி.மீ. லென்ஸில் 'ஏதோ இருக்கிறது' என்பது ஒரு கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும். 'நாலுகால் விலங்கு' என்பது 250 மீட்டர் வாக்கில். 'பன்றிதான்' என்று சொல்ல 160 மீட்டருக்குள் வர வேண்டும். 19 மி.மீ. லென்ஸில் அந்தக் கடைசி எண் 85 மீட்டர். விளம்பரத்தின் 1,800 மீட்டர் முதல் வகை; அதுவும் அவர்கள் கணக்கில் நிற்பது பன்றியாக இருக்காது, 1.8 மீட்டர் உயர மனிதனாக இருக்கும்.

இது வெறும் கணக்கில்லை என்பது வயலில் தெரியும். ஈரக்காற்று நிறைந்த ஓர் இரவு, 200 மீட்டர் தள்ளி, முழங்கால் உயரப் புல்லில் ஐந்து வெள்ளைத் திட்டுகள். நாலு நகர்கின்றன, ஒன்று படுத்திருக்கிறது. அந்த நாலு பன்றிகள் என்றே வைத்துக்கொள்வோம். படுத்திருப்பது? பக்கத்துப் பண்ணைக்காரரின் கன்றுக்குட்டியும் இதே சூட்டில், இதே அளவில், இதே வெள்ளையில்தான் தெரியும். நாயும் அப்படித்தான். இன்னொரு பக்கத்திலிருந்து பன்றிக்குக் காத்துக் குப்புறப் படுத்திருக்கும் மனிதரும் அப்படித்தான். முள்கம்பி வேலி காற்றின் சூட்டிலேயே இருப்பதால் படத்தில் இருக்கவே இருக்காது. இலக்குக்குப் பின்னால் மண்மேடா, ரோடா என்பதும் பல நேரம் புரியாது. சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்திலும் விடியலிலும் பாறையும் மரமும் ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வந்து, படமே சாம்பல் பூசிய சுவர்போல் ஆகிவிடும் வேளை ஒன்றும் உண்டு. வெப்பம் இருக்கும் இடத்தைத் தெர்மல் அபாரமாகக் காட்டும். அந்த வெப்பம் யாருடையது என்று கேட்டால் தடுமாறும். டிஜிட்டல் நேர்மாறு. 200 மீட்டரில் எதையும் தானாகத் தேடிக் கொடுக்காது. தேடிய இடத்தில் டார்ச் அடித்தால் காது, வால், கொம்பு, வேலிக் கம்பி எல்லாவற்றையும் காட்டிவிடும்.

எனவே 1,500 டாலரை வைத்துக்கொண்டு கேட்பவருக்கு என் பதில் இதுதான்: தெர்மலைத் துப்பாக்கியில் மாட்டாதீர்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக்கண்ணில் பார்க்கும் சிறிய தெர்மல் ஒன்று, துப்பாக்கியில் டிஜிட்டல் ஸ்கோப் ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரு நடுத்தரத் தெர்மல் ஸ்கோப்பின் விலைக்குள் அடங்கிவிடும். இன்னொரு காரணம் அதைவிட முக்கியமானது. துப்பாக்கியில் மட்டும் தெர்மல் வைத்திருப்பவர் வயலைத் துழாவ வேண்டுமானால் துப்பாக்கியைத்தான் நாலு திசையும் திருப்ப வேண்டும். அப்படியென்றால், என்னவென்று தெரியாத ஒவ்வொரு சூட்டின்மீதும் அவர் ஏற்கெனவே குறிவைத்துவிட்டார் என்று அர்த்தம்.

படம் வினாடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதையும் கேட்டு வாங்குங்கள். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் சலுகை உண்டு என்பதால் சில மலிவுக் கருவிகளை 9 முறைக்குள் நிறுத்தியிருப்பார்கள். வினாடிக்குப் பத்து மீட்டர் ஓடும் பன்றி அதில் மீட்டர் மீட்டராகத் தாவித் தாவித் தெரியும். மில்லிகெல்வினில் சொல்லும் உணர்திறன் எண் சிறிதாக இருந்தால் மழை, மூட்டம் உள்ள இரவில் பலன் தெரியும். வறண்ட குளிர்ந்த இரவில் 25க்கும் 40க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

தெர்மல் ஸ்கோப்பையே வாங்கிவிட்டவர்கள் முதல் நாள் திகைப்பது குறிபார்க்கும் அட்டை முன்னால். அட்டையில் அச்சடித்த கறுப்பு வட்டமும் வெள்ளைத் தாளும் ஒரே சூட்டில் இருப்பதால் ஸ்கோப்பில் வட்டமே தெரியாது. அனுபவஸ்தர்கள் அட்டையில் ஒரு துண்டு அலுமினியப் பட்டையை ஒட்டி, அட்டையைச் சற்றே வானம் பார்த்துச் சாய்த்துவைப்பார்கள். பளபளப்பான அலுமினியம் தன் சூட்டை அவ்வளவாக வீசாது. எதிரில் இருப்பதைத்தான் பிரதிபலிக்கும். எதிரில் இருப்பது மேகமில்லாத வானம், அது கடுங்குளிர். வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் அட்டையின் நடுவே அந்தத் துண்டு மட்டும் ஐஸ் வைத்ததுபோல் கறுப்பாகத் தெரியும்.

இவ்வளவு செலவழித்தும் பன்றி குறையுமா என்றால், சுடுவதால் மட்டும் குறையாது. எண்ணிக்கை ஏறாமல் நிறுத்தவே ஆண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கை அகற்ற வேண்டும் என்கிறது டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகக் கணக்கு. ஒரு வெடிச் சத்தத்தில் இரண்டு விழும், இருபது சிதறும். கூட்டம் மொத்தத்தையும் ஒரே கதவில் அடைக்கும் பெரிய பட்டிப்பொறிதான் பலன் தருகிறது. எந்த இரவு, எத்தனை பன்றி என்று பார்த்துவைக்கத் தெர்மல் அங்கும் உதவும்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் காட்டுப்பன்றியைக்கூடச் சுட முடியாது என்பதால், ஸ்கோப் கணக்கு நமக்கு வேண்டாதது. கருவி மட்டும் நம் பக்கத்திலேயே வேலை செய்துகொண்டிருக்கிறது. கோவை மதுக்கரை காட்டைக் கடக்கும் ரயில் பாதைகளில் யானைகள் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தன. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே இரவில் மூன்று. 2024 பிப்ரவரியில் வனத்துறை அங்கே 12 கோபுரங்களை நிறுத்தி, பாதையருகே யானை வந்தால் ரயில்வேக்கு எச்சரிக்கை போகும்படி செய்தது. அங்கே இருட்டைத் துழாவும் தெர்மல் கேமராக்களோடு சாதாரணக் கேமராக்களையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.